வண்ண மீனுக்கு வந்த வெள்ளைப் புள்ளி

தீபாவளி முடிந்து பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கும். சிவகாசி, விருதுநகர், சாத்தூர்ப் பக்கங்களில் வெடிச் சத்தம் அடங்கிவிடும். ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். இரவில் குளிர்ந்த காற்று வீசும். அந்தச் சமயத்தில்தான் கூடத்தில் இருக்கும் கண்ணாடித் தொட்டியில் ஒரு மாறுதல் தெரியும்.

நேற்று வரை துள்ளித் திரிந்த தங்க மீன் இன்று மூலையில் ஒதுங்கி நிற்கும். துடுப்புகளை உடம்போடு ஒடுக்கிக்கொள்ளும். போட்ட இரையைத் திரும்பியும் பார்க்காது. திடீரென்று பாய்ந்து போய், அடியில் கிடக்கும் கூழாங்கல்லில் உடம்பைத் தேய்க்கும். உற்றுப் பார்த்தால் வாலிலும் முதுகிலும் ரவையைத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள்!

"பட்டாசுப் புகைதான் காரணம்" என்பார் தாத்தா. "கண் பட்டுவிட்டது" என்பார் பாட்டி. அப்பாவோ மருந்துக் கடைக்கு ஓடி, கேட்டதையும் கேட்காததையும் வாங்கி வந்து தொட்டியில் கொட்டுவார். மூன்றாம் நாள் மீன்கள் ஒவ்வொன்றாக மல்லாந்து மிதக்கும். வீட்டில் குழந்தைகள் சாப்பிட மறுத்து அழும்.

இந்த மீன்களைக் காப்பாற்ற முடியாதா? முடியும். பல சமயங்களில் சமையல் அறையில் இருக்கும் கல் உப்பே போதும். ஆனால் வந்திருப்பது என்ன வியாதி என்று முதலில் தெரிய வேண்டும்.

பல பிள்ளை பெற்ற பேன்

அந்த வெள்ளைப் புள்ளி ஒவ்வொன்றும் ஓர் உயிர். ஒரே ஒரு செல்லால் ஆன உயிர். 1876-ல் பிரெஞ்சு நாட்டைச் சேர்ந்த புக்கே என்பவர் இதை ஆராய்ந்து எழுதினார். அவர் அதற்கு வைத்த பெயர் 'இக்தியோப்திரியஸ் மல்டிபிலிஸ்'. வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் பொருள் எளிது: 'பல பிள்ளைகளைப் பெற்ற மீன் பேன்'! மீன் வளர்ப்பவர்கள் சுருக்கமாக 'இக்' என்பார்கள்.

பெயருக்கு ஏற்ற பிராணிதான் இது. மீனின் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துகொள்ளும். அங்கேயே தின்று கொழுக்கும். நன்றாக வளர்ந்ததும் தோலை விட்டுக் கழன்று, தொட்டியின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டுக்குள் ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். இப்படியே நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரம் வரை பெருகும். பிறகு கூடு உடையும். குஞ்சுகள் வெளியே வந்து மீனைத் தேடி நீந்தும். ஏறக்குறைய இரண்டு நாளுக்குள் ஒரு மீன் கிடைத்தாக வேண்டும். கிடைக்காவிட்டால் அவை செத்துப் போகும்.

மருந்து பலிப்பதும் பலிக்காததும் இங்கேதான் இருக்கிறது. தோலுக்குள் இருக்கும்போது எந்த மருந்தும் இதைத் தொடாது. கூட்டுக்குள் இருக்கும்போதும் அப்படியே. நீந்தி வரும் குஞ்சுகளை மட்டுமே கொல்ல முடியும். ஆகவே, "நேற்று மருந்து ஊற்றினேன், இன்னும் புள்ளி போகவில்லையே!" என்று மறுநாளே இன்னொரு மருந்தை ஊற்றுவது வீண். அதைவிட மோசமான காரியம், புள்ளி மறைந்ததும் "குணமாகிவிட்டது" என்று நிறுத்திவிடுவது. புள்ளி மறைந்த நாளில்தான் பூச்சி அடியில் உட்கார்ந்து பிள்ளை பெற்றுக்கொண்டிருக்கும்!

தண்ணீர் 25 டிகிரி சூட்டில் இருந்தால் இந்தச் சக்கரம் ஒரு வாரத்துக்குள் சுற்றி முடியும். குளிர்ந்த தண்ணீரில் பல வாரங்கள் ஆகும். முப்பது டிகிரிக்கு மேல் போனால் பூச்சியால் பெரும்பாலும் பெருக முடியாது. கத்திரி வெயிலில் விருதுநகர் வீடுகளில் தொட்டித் தண்ணீர் தானாகவே அந்தச் சூட்டுக்கு வந்துவிடுகிறது. அதனால் கோடையில் இந்த வியாதி குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் சட்டென்று குளிர்கிறது. மீனின் உடம்பு தண்ணீரின் சூட்டைத்தான் கொண்டிருக்கும். சூடு திடீரென்று இறங்கினால் அதன் எதிர்ப்புச் சக்தியும் இறங்கும். தீபாவளிக்குப் பிறகு வியாதி வருவதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான். அந்தச் சமயத்தில் புதிதாக வாங்கி வந்து விட்ட மீனோடு பூச்சியும் வந்திருக்கும்.

உப்புச் சிகிச்சை

பக்கத்து ஜில்லா தூத்துக்குடி. உப்புக்குக் குறைவில்லை. பத்து லிட்டர் தண்ணீருக்கு 20 முதல் 30 கிராம் கல் உப்பு எடுத்துக்கொள்ள வேண்டும். அதை மீனின் மேல் கொட்டக் கூடாது. தொட்டித் தண்ணீரையே ஒரு செம்பில் எடுத்து, அதில் நன்றாகக் கரைத்து, ஒரு நாளில் இரண்டு மூன்று தவணையாக ஊற்ற வேண்டும். பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை இப்படியே வைத்திருக்க வேண்டும்.

இங்கே பலர் தவறிவிடுகிறார்கள். தொட்டியில் தண்ணீர் வற்றும்; உப்பு வற்றாது. வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதும். அழுக்குத் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றும்போது மட்டும், எடுத்த அளவுக்குக் கணக்காக உப்புச் சேர்க்க வேண்டும்.

தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர் இருந்தால், ஒரு நாளில் ஓரிரண்டு டிகிரியாக உயர்த்தி, முப்பது டிகிரிக்குக் கொண்டுவரலாம். அப்போது காற்று மோட்டாரைக் கூடுதலாக ஓட விட வேண்டும். சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவாகவே தங்கும்.  தொட்டிக்குள் செடி இருந்தால் உப்பில் கருகிப் போகும், முன்பே எடுத்துவிடலாம். செதில் இல்லாத கெளுத்தி வகை மீன்களுக்கும் உப்பு அதிகம் ஒத்துக்கொள்ளாது. அவற்றுக்கு அளவைக் குறைக்க வேண்டும்.

கடையில் 'நீல மருந்து' என்று ஒரு புட்டி விற்கும். அது மெத்திலீன் நீலம். துணிக்குச் சாயம் போடுவதற்காக ஜெர்மனியில் உண்டாக்கப்பட்ட பொருள். அதை ஹெய்ன்ரிக் கேரோ தயாரித்ததும் அதே 1876-ஆம் ஆண்டில்தான்! 1891-ல் மனிதர்களின் மலேரியா காய்ச்சலுக்கும் அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். மீன் முட்டைகளில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அது நல்லது. தொட்டியில் ஊற்றினாலோ, வடிகட்டியில் வாழும் நல்ல கிருமிகளையும் சேர்த்துக் கொல்லும். தனி வாளியில் மட்டும் உபயோகிப்பது நல்லது. 'மாலகைட் பச்சை' என்று இன்னொரு சாயம் உண்டு. அது விஷம். மனிதர்கள் உண்ணும் மீனுக்கு அதைப் போடக் கூடாது. குழந்தைகள் கை படும் வீட்டுத் தொட்டிக்கும் அது வேண்டியதில்லை.

வெடியுப்பும் உப்புத்தான், ஆனால்...

பட்டாசு ஊருக்கென்று தனியாக ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். பட்டாசுத் தொழிலில் புழங்கும் வெடியுப்பு, பார்ப்பதற்குச் சாப்பாட்டு உப்பைப் போலவே வெள்ளையாக இருக்கும். அது பொட்டாசியம் நைட்ரேட். மீனுக்கு மருந்தல்ல. ஆலை வேலைக்குப் போன வாளி, மக்கு, தகரம் எதையும் மீன் தொட்டிப் பக்கம் கொண்டுவரக் கூடாது. வேலை முடிந்து வருகிறவர்களின் கையில் அலுமினியத் தூளும் கந்தகமும் ஒட்டியிருக்கும். அந்தக் கையைக் கழுவாமல் தண்ணீரில் விட்டால் மீனுக்கு ஆகாது. சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு, சோப்பும் போக நல்ல தண்ணீரில் அலச வேண்டும். சோப்பும் மீனுக்கு விஷம்தான்.

மயில்துத்தம் என்ற தாமிர உப்பை மீன் பூச்சிக்கு மருந்தாகப் போடுகிறவர்களும் உண்டு. வாண வேடிக்கையில் நீல நிறம் தருவதும் தாமிர உப்புக்களே. பூச்சியைக் கொல்லும் அளவுக்கும் மீனைக் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மயிரிழைதான். அதுவும் தண்ணீரின் கடினத்தைப் பொறுத்து மாறும். கிணற்றுத் தண்ணீரில் பிழைத்த மீன், அதே அளவு மருந்தில் மழைத் தண்ணீரில் செத்துப் போகும். அளந்து பார்க்கும் வசதி இல்லாதவர்கள் தொடாமல் இருப்பதே நலம்.

சரி, பட்டாசுப் புகைக்குப் பங்கே இல்லையா? கொஞ்சம் உண்டு. காற்று மோட்டார் அறைக் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது. அறையில் புகை மண்டினால் அந்தப் புகைதான் உள்ளே போகும். தீபாவளி இரவில் தொட்டி இருக்கும் அறையின் ஜன்னலைச் சாத்தி, மோட்டாரை உள் அறைப் பக்கம் வைக்கலாம். மோட்டாரை நிறுத்திவிடக் கூடாது. மீனுக்குக் காதைத் தவிர உடம்பின் இரு பக்கமும் அதிர்ச்சியை உணரும் ஒரு கோடு இருக்கிறது. வாசலில் வெடி வெடித்தால் உள்ளே அது பதறும். மூடி இல்லாத தொட்டியிலிருந்து துள்ளித் தரையில் விழும் மீன்களும் உண்டு.

அழுக்கே பெரிய வியாதி

பூச்சியால் சாகும் மீன்களைவிட அழுக்கால் சாகும் மீன்கள் அதிகம். மீன் செவுள் வழியாக அம்மோனியா என்ற விஷத்தை வெளியே விடுகிறது. மிச்சம் கிடக்கும் இரை அழுகினாலும் அதே விஷம். கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் பளிங்கு போல இருக்கும். மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். கடினமான, காரத் தன்மை உள்ள கிணற்று நீரில் இந்த விஷத்தின் வேகம் கூடுதல். இந்தக் கரிசல் சீமையில் பல கிணறுகளின் தண்ணீர் அப்படிப்பட்டதுதான்.

இயற்கையே இதற்கு மாற்று வைத்திருக்கிறது. வடிகட்டிப் பஞ்சிலும் கற்களிலும் நல்ல கிருமிகள் குடியேறி, அம்மோனியாவை வேறு பொருளாக மாற்றித் தருகின்றன. அவை பெருகிச் சரியாக வேலை செய்ய நாலைந்து வாரம் பிடிக்கும். அதுவரை ஒன்றிரண்டு மீன்களுக்கு மேல் விடக் கூடாது. ஆனால் நடப்பது என்ன? தொட்டி வாங்கிய அன்றே பத்து மீன்! ஞாயிற்றுக்கிழமை வந்தால் அம்மா எல்லாத் தண்ணீரையும் கொட்டி, கல்லையும் பஞ்சையும் சோப்புப் பொடி போட்டுத் தேய்த்து, பளபளவென்று வைத்துவிடுவார். சுத்தம் நல்லதுதான். ஆனால் அந்தச் சுத்தத்தில் நல்ல கிருமிகள் அத்தனையும் போய்விடும். வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீரை மட்டும் மாற்றினால் போதும். எடுத்த அந்தப் பழைய தண்ணீரிலேயே பஞ்சை அலசிப் பிழிந்து போட வேண்டும்.

தாமிரபரணியிலிருந்து குழாயில் வரும் குடிநீரில் குளோரின் கலந்திருக்கும். மனிதருக்கு அது பாதுகாப்பு. மீனின் செவுளை அது சுட்டுவிடும். அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும். அவசரமானால் 'ஹைப்போ' என்ற சோடியம் தயோசல்பேட் உப்பில் ஒன்றிரண்டு பொடிக் கற்கள் ஒரு வாளிக்குப் போதும். முன்பெல்லாம் போட்டோ ஸ்டூடியோக்களில் படம் கழுவ வைத்திருந்த அதே உப்பு.

இரையும் அளவோடு இருக்க வேண்டும். இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கும் அளவு. குழந்தைகள் ஆசையாய் ஆளுக்கு ஒரு பிடி போடுவதுதான் வினை. தங்க மீன் வயிறு உப்பிப் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தால், ஒரு நாள் பட்டினி போட வேண்டும். மறுநாள் வேக வைத்த பச்சைப் பட்டாணியைத் தோல் உரித்து நசுக்கிக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும். ஆனால் வயிறு வீங்குவதோடு செதில்களும் பலாப்பழத்து முள் போலச் சிலிர்த்து நின்றால் அது வேறு. உள் உறுப்புகள் கெட்டுவிட்டன என்று பொருள். அந்த மீன் பிழைப்பது அரிது. உடனே தனியே பிரித்துவிட வேண்டும்.

கண்ணுக்குத் தெரியும் பூச்சிகள்

சில பூச்சிகளைப் பூதக் கண்ணாடி இல்லாமலே பார்க்கலாம். மீன் பேன் என்று ஒன்று. தட்டையாக, வட்டமாக, அரை அங்குலத்துக்கும் குறைவாக இருக்கும். தங்க மீனின் உடம்பில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். இன்னொன்று நங்கூரப் புழு. வெள்ளை நூல் துண்டு மீனின் உடம்பில் தொங்குவதுபோலத் தெரியும். பிடித்து இழுத்தால் லேசில் வராது. தலையில் நங்கூரம் போன்ற கொக்கி இருக்கும். அதைச் சதைக்குள் மாட்டிக்கொண்டிருக்கும். பெயர்தான் புழு. உண்மையில் அது இறால், நண்டுக்கு உறவு! நனைந்த துணியில் மீனைப் பிடித்து, சிறு இடுக்கியால் அடியோடு பிடித்து மெதுவாக எடுக்க வேண்டும். எடுத்த பிறகு சில நாள் உப்புத் தண்ணீர். முட்டைகளிலிருந்து மறுபடியும் வரும் என்பதால் பல வாரம் கவனிக்க வேண்டும்.

நங்கூரப் புழுவுக்குச் சைக்ளாப்ஸ் என்ற தண்ணீர்ப் பூச்சி நெருங்கிய சொந்தம். தமிழ்நாட்டின் படிக்கட்டுக் கிணறுகளில் ஒரு காலத்தில் நரம்புச் சிலந்தி வியாதியைப் பரப்பியது இந்தச் சைக்ளாப்ஸ்தான். காலில் கொப்புளம் உடைந்து, முழ நீளப் புழு வெளியே வரும் அந்தக் கொடுமையைத் துணியில் தண்ணீரை வடிகட்டிக் குடித்தே விரட்டினார்கள். இந்தியாவில் கடைசி நோயாளி 1996-ல் ராஜஸ்தானில் காணப்பட்டார். 2000-ல் நாடு விடுபட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. குளத்துத் தண்ணீரிலிருந்து வலை போட்டு மீனுக்கு இரை பிடிக்கிறவர்கள், அதோடு மீனின் பூச்சிகளையும் பிடித்து வருகிறார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

தோலில் ஒட்டும் தட்டைப் புழு ஒன்று உண்டு. அதன் பெயர் 'கைரோடாக்டிலஸ்'. கண்ணுக்குத் தெரியாது. அதன் வயிற்றில் பிள்ளை இருக்கும். அந்தப் பிள்ளையின் வயிற்றில் பேத்தியும் இருக்கும்! பாட்டியும் மகளும் பேத்தியும் ஒரே உடம்பில். ஒரு புழு தொட்டிக்குள் வந்தால் சில நாளில் கூட்டமாகிவிடுவதில் வியப்பில்லை. கப்பி மீனின் ஆசனவாயில் சிவப்பு நூல் போல எட்டிப் பார்க்கும் குடல் புழுவும் உண்டு. அதற்கு ஆட்டுக்குக் குடல் புழு நீக்கக் கொடுக்கும் லெவாமிசோல் மருந்து பலிக்கும். ஆனால் ஆட்டின் அளவு வேறு, சிறு மீனின் அளவு வேறு. கால்நடை டாக்டரிடமோ, தூத்துக்குடியில் 1977 முதல் நடந்துவரும் மீன்வளக் கல்லூரியைப் போன்ற இடத்திலோ கேட்டுப் போடுவதே முறை.

மனிதருக்கான ஆன்டிபயாடிக் மாத்திரைகளைப் பொடித்துத் தொட்டியில் போடும் வழக்கம் பரவியிருக்கிறது. வெள்ளைப் புள்ளிக்கோ பேனுக்கோ அது ஒன்றும் செய்யாது. கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிவிடும். அந்தத் தண்ணீர் சாக்கடைக்குப் போகும். பிறகு வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அதே மருந்து பலிக்காமல் போகலாம்.

கையில் ஆறாத புண்

மீனின் வியாதி மனிதருக்கு வருமா? பெரும்பாலும் வராது. வரக்கூடிய ஒன்று உண்டு. காச நோய்க் கிருமியின் தூரத்துச் சொந்தம் அது. 1926-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகர மீன் காட்சிச்சாலையில் செத்த மீன்களிலிருந்து ஆரன்சன் என்ற விஞ்ஞானி அதைப் பிரித்தெடுத்தார். மீன் மெலியும், முதுகு கூனும், புண் விழும். அந்தத் தொட்டியில் கீறல் உள்ள கையை விட்டால், சில வாரம் கழித்து விரலில் சிவந்த கட்டி கிளம்பும். வலி அதிகம் இராது, ஆறவும் ஆறாது. குளிர்ந்த இடத்தில்தான் அது வளரும் என்பதால் பெரும்பாலும் கையோடு நிற்கும். மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டால் குணமாகும். டாக்டரிடம் போகும்போது "வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது" என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்கும் சட்டென்று தோன்றாது. கையில் காயம் இருப்பவர்கள் ரப்பர் உறை போட்டுக்கொள்ளலாம். வாயால் குழாயை உறிஞ்சித் தண்ணீர் இறக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

பதினைந்து நாள் தனி வாசம்

தமிழ்நாட்டில் வண்ண மீன் என்றால் சென்னைக் கொளத்தூர்தான். அங்கும் சுற்றுப்புறத்திலும் வீட்டுக்கு வீடு தொட்டி கட்டி மீன் வளர்க்கிறார்கள். பிராணவாயு அடைத்த பிளாஸ்டிக் பைகளில் ஏறி மீன்கள் வெளியூர் போகின்றன. ராத்திரி முழுக்கக் குலுங்கி, நெருக்கத்தில் கிடந்து வரும் மீன் களைத்திருக்கும். எந்த வியாதியும் அப்போது எளிதில் தொற்றும்.

புது மீனைப் பையோடு தொட்டியில் கால் மணி நேரம் மிதக்க விட்டு, சூட்டைச் சமமாக்கிப் பிறகு வேறு வாளியில் விட வேண்டும். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவே கூடாது. வாளியில் இரண்டு வாரம் தனி வாசம். அதற்கென்று தனி வலை, தனிக் குவளை. இந்த இரண்டு வாரத்தில் பூச்சி இருந்தால் வெளியே தெரிந்துவிடும். ஐம்பது ரூபாய் மீனுக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். உள்ளே ஐந்நூறு ரூபாய் மீன்கள் இருக்கின்றனவே!

கண்ணாடித் தொட்டி இல்லாத வீட்டிலும் இந்தப் பக்கத்தில் மீன் உண்டு. குழாய்த் தண்ணீர் தினமும் வராத ஊர்கள் பல. வந்த அன்று சிமெண்டுத் தொட்டியில் பிடித்து வைக்கிறார்கள். டெங்குக் கொசு முட்டையிடுவது அதில்தான். கொசுப் புழுவைத் தின்பதற்காகக் கப்பியையோ கம்பூசியாவையோ விட்டு வைக்கிறார்கள். கம்பூசியா 1928-ல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன். அந்த மீன்களுக்கு வியாதி வந்தால் தொட்டியில் மருந்து ஊற்றக் கூடாது. வீட்டார் புழங்கும் தண்ணீர் அது. மீனை மட்டும் வாளிக்கு மாற்றி உப்புச் சிகிச்சை செய்யலாம். அந்த இரண்டு வாரமும் தொட்டியைத் துணியால் இறுக மூடி, வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவ வேண்டும்.

செத்த மீனைக் கண்மாயிலோ ஊருணியிலோ போடக் கூடாது. தென்னை மரத்தடியில் ஆழமாகப் புதைத்துவிடலாம். வளர்க்க முடியாத உயிர் மீனையும் தண்ணீரில் விடக் கூடாது. தொட்டிக் கண்ணாடியைத் துடைக்கும் என்று வாங்கி வரும் முதலை நிறக் கெளுத்தி மீன், அப்படி யாரோ இரக்கப்பட்டு விட்டதால்தான் தமிழ்நாட்டின் பல ஏரிகளில் பெருகி, இப்போது மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது. வேண்டாத மீனை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்தால் பலர் வாங்கிக்கொள்கிறார்கள்.